நூற்று இருபத்தெட்டுக்கு மேல்

ஆலங்காயத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் அருணாவுக்கு எதையும் தூக்கிப் போட மனம் வராது. அந்தப் பாழாய்ப்போன பழைய கம்ப்யூட்டரையும் அப்படித்தான் கட்டிக்கொண்டு அழுதாள். டிஸ்க் நிரம்பியதும், வேறொரு மிஷினில் தயார் செய்த ஐந்நூறு ஜிபி டிஸ்க்கை வாங்கி வந்து தானே மாட்டினாள்.

மலையூர்க்காரர்கள் கல்யாணப் படங்களை அவளிடமே விட்டுவைப்பார்கள். வீட்டில் யாராவது இறந்தால் இறங்கி வந்து, அந்தக் கல்யாணப் படத்திலிருந்து அவர் முகத்தைப் பெரிதாக்கி வாங்கிப் போவார்கள்.

அன்று காலை புதுக் கல்யாணம் ஒன்றை ஏற்றி முடித்தபின் பழைய படங்கள் சில திறக்கவில்லை. ரிப்பேர்க்காரன் பிரகாஷுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அந்த மிஷினுக்கு நூத்தி இருபத்தெட்டு ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாது. அதுக்கு மேல போட்டா, மொதல்ல போட்டதுக்கு மேலயே எழுதிடும், பழசு அழிஞ்சுபோகும். இனிமே ஒண்ணும் போடாத, ஒடனே ஆஃப் பண்ணு!"

அருணா போனை வைத்துவிட்டு எழுந்தாள். காலையில் ஏற்றிய கல்யாணம் யார் யாரைத் தின்றதோ!

சுவிட்சைத் தொடுவதற்குள் வாசலில் மலையூர் வீரன், மொட்டைத் தலையோடு.

"எங்கம்மா போய்ட்டாங்க. என் கல்யாணத்துல எடுத்தீங்களே, அதைப் பெருசா போட்டுக் குடுங்க."

அந்த டிஸ்க்கில் முதலில் ஏற்றியதே அவன் கல்யாணம்தான். மறுக்க வாய் வராமல் படத்தைத் திறந்தாள். மேலிருந்து அவன் அம்மாவின் வகிடு வந்தது, நெற்றி வந்தது, புருவம் வந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

வீரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பழைய மிஷினு, மெதுவாத்தான் வரும். வரட்டும், நான் இருக்கேன்."