ராய்ஸ் டில்மன் கைதட்டிய மதியம்

ராக்கெட் ஏவுதளத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் ஊர் டைட்டஸ்வில்லில் ராய்ஸ் டில்மனைத் தெரியாதவர்கள் குறைவு. விண்கலத்தின் வயிற்றில் வெப்பம் தாங்கும் ஓடு பதித்தே தலை நரைத்தவர் என்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேவிஸின் மதுக்கடையில் ஒரு மதியம் கைதட்டியவர் என்றுதான் தெரிகிறது.

ஆற்றங்கரையில் தூண்டில் இரை விற்கும் கடையில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். தொட்டியில் நீந்தும் இறாலை அள்ளி வாளியில் போடுவது அவர் வேலை. கல்லாவில் நிற்பது நான். இறாலை அள்ளும்போதும் அவர் விரல்கள் எதையோ இடம் பார்த்துப் பொருத்துவது போலவே அசையும். பழைய பழக்கம். விண்கலத்தில் ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு அளவு; ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. விண்கலம் திரும்பி வந்து ஓடுபாதையில் நின்றதும் அவரும் கூட்டாளிகளும் அதன் அடியில் புகுந்து, கருகியது எது, உதிர்ந்தது எது என்று பார்ப்பார்கள். அது மறுபடி பறக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில்தான் எங்கள் ஊர் சாப்பிட்டது.

அரசாங்கம் பறப்பதை நிறுத்தி, விண்கலங்களை அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிய கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ராய்ஸின் மனைவி நாடின், ஜார்ஜியாவில் இருக்கும் அக்காவிடம் போனவள் திரும்பவில்லை. மகள் கோரின் மட்டும் அவரோடு இருந்தாள்.

பிறகு தனியார் கம்பெனி வந்தது. மேலே போகும் ராக்கெட்டின் அடிப்பாகம் திரும்பி வந்து கடலில் ஒரு மிதவை மேடை மேல் நிற்கும், அதையே மறுபடி அனுப்புவோம், இதற்கு ஆள் அதிகம் வேண்டாம் என்றார்கள். ராய்ஸ் வேலை கேட்டுப் போனார். மகள் வயதுள்ள ஒருவன் பேசினான். மரியாதையாகவே திருப்பி அனுப்பினான். அடுத்த ஆண்டு அதே கம்பெனி கோரினை எடுத்துக்கொண்டது. ராக்கெட் வந்து நின்றதும் மேடையில் ஏறி, அதன் கால்களை இறுக்கிக் கட்டும் குழுவில் வேலை.

அந்தச் செய்தியை அவள் கடைக்கே வந்து சொன்னாள்.

"அதே கம்பெனியா?" ராய்ஸ் தொட்டியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"அதேதான்பா. உனக்கு சந்தோஷமில்லையா?"

"எத்தன நாளைக்கு வெச்சிருக்கான்னு பாப்போம்."

"கவர்மென்டு உன்ன வெச்சிருந்த மாதிரிதான்," என்றாள் கோரின். என்னிடம் ஒரு மூட்டை ஐஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. மேலே போனது எது விழுந்தாலும் ஒருவரும் சத்தம் போட மாட்டார்கள். ஒரு குளிர்காலக் காலையில் ஏழு பேரோடு விண்கலம் எங்கள் கண்ணெதிரே உடைந்த நாளிலிருந்து அப்படி. ஆளில்லாத ராக்கெட் வெடித்தாலும் மேவிஸ் பாட்டை நிறுத்துவாள், ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். இதில் ராய்ஸைப் போலக் கறாரானவர் இல்லை. ஒருமுறை ஒரு செயற்கைக்கோள் ராக்கெட் வெடித்தபோது, ஓஹையோவிலிருந்து வந்த ஒருவன் பீர் கோப்பையைத் தூக்கிக் கூவினான். ராய்ஸ் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வாகன நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார். "இங்க ஒரு பொருள் விழுந்தா அதுக்குப் பின்னால ஒரு ஆளு இருக்கான்டா," என்று அவனிடம் சொன்னதை நான் கேட்டேன்.

அதனால்தான் அந்த மதியத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

ராக்கெட் நன்றாகவே ஏறியது. எல்லோரும் மேவிஸின் பின்பக்கப் பலகைத் தளத்தில் நின்று ஆற்றுக்கு மேலே பார்த்தோம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. மேடையில் அது இறங்குவதைப் பார்க்க உள்ளே தொலைக்காட்சி முன் வந்தோம். கோரின் அன்று கடலில் இருந்தாள். அவள் கப்பல் மேடையிலிருந்து பல மைல் தள்ளி நிற்கும், ஆபத்து இல்லை. அது ராய்ஸுக்கும் தெரியும். காலையில் அவளைத் துறைமுகத்தில் இறக்கி விட்டதே அவர்தான்.

ராக்கெட் மேடையில் வந்து நின்றது. ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு கால் மடங்க, மெதுவாகச் சாய்ந்து, தீயாக வெடித்தது.

மேவிஸின் கை பாட்டை நிறுத்தப் போனது. அதற்குள் ராய்ஸ் எழுந்து கைதட்டினார். இரண்டு முறையல்ல, மூன்று முறையல்ல, நன்றாகவே தட்டினார். "வேணும்டா! வேணும் இவனுங்களுக்கு!" என்று கத்தினார்.

வேறு யாரும் அசையவில்லை. மேவிஸ்தான் கேட்டாள். "ராய்ஸ், உன் பொண்ணு அங்கதானே இருக்கா?"

அவர் முகத்தை நான் பார்த்தேன். மகள் அங்கே இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வெறுப்பை மன்னிக்க ஒரு காரணம் தேடிப் பிடித்துவிடலாம்; அவருக்குக் காரணங்கள் நிறையவே இருந்தன. ஆனால் அந்தச் சில நொடி மகிழ்ச்சியில் அவர் மகளே இல்லாதவராக இருந்தார். அதற்கு என்ன காரணம் சொல்வது? கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நடுக்கடலில் போன் கிடைக்காது என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அழைத்தார்.

இறங்கும் காட்சியைப் போனில் பிடித்துக்கொண்டிருந்த யாரோ அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். படத்தில் ராய்ஸின் முதுகும் கைகளும் தெரியும். குரல் தெளிவாகக் கேட்கும்.

மறுநாள் கப்பல் கரைக்கு வந்தபோது அவரை வண்டியில் துறைமுகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கோரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"சாப்டியா?" என்றார்.

"கரைய நெருங்கி போன் கிடைச்சதும் வீடியோவ கப்பல்ல எல்லாரும் பாத்தாங்க. வெஸ்லி கேட்டான், இது உங்கப்பா குரல்தானேன்னு." அவள் என்னையும் பார்த்தாள், பிறகு அவரை. "இல்லன்னு சொல்லிட்டேன்."

"கோரின், நான் யோசிக்காம..."

"தெரியும்பா. யோசிச்சு தட்டிருந்தா எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது."

அவள் எங்கள் வண்டியில் ஏறவில்லை. அந்த வாரமே துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தோழியோடு தங்கப் போனாள். போன் செய்தால் எடுப்பாள். வானிலை, வண்டி டயர், அம்மா நாடினின் முழங்கால் வலி, இவை பற்றிப் பேசுவாள். அவள் வேலை செய்யும் இடத்துக்கு வரலாமா என்று ராய்ஸ் கேட்கவில்லை. மகள் நாலு பேர் முன்னால் தன்னை அப்பா என்று சொல்வாளா என்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே கேள்வி. அதைக் கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்றும் நினைத்தார்.

ஊர் அவரை ஒதுக்கவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மேவிஸ் கடைக்குப் போவதை அவராகவே நிறுத்தினார். இரை வாங்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "ராய்ஸ், நான் மீனில்லாம வெறுங்கையோட வந்தா எனக்கும் கைதட்டுவியா?" என்பார்கள். அவர் வாளியை மூடிக் கொடுப்பார். "ரெண்டு இறால் கூடப் போட்டிருக்கேன்," என்பார்.

அடுத்த ஆண்டு ஒரு ராக்கெட் மேடையில் நின்றது, விழவில்லை. அது துறைமுகத்துக்கு வரும் காலையில் ராய்ஸ் வேலைக்கு வந்து, தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போலாம், கிளம்பு," என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

"இருக்கறத வெச்சுக்கிட்டுதான். வேற வாங்கவா முடியும்?"

துறைமுகத்தில் கூட்டம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். கரி படிந்த ராக்கெட், கட்டி இறுக்கிய கால்களில் நேராக நின்றபடி உள்ளே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "நீங்களும் தட்டுங்க சார், இந்த மாதிரி எப்ப பாக்கப் போறோம்?" என்றாள். ராய்ஸ் கைகளைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

பொழுது ஏற ஏறக் கூட்டம் கலைந்தது. நாங்கள் கம்பி வேலிக்குப் பக்கத்திலேயே நின்றோம். தலைக்கவசத்தோடு கோரின் வேலி ஓரமாக வந்தாள். கூடவே சிவப்புத் தாடி வைத்த ஒருவன். அவளைப் பார்த்ததும் ராய்ஸ் ஓரடி பின்னால் போனார். தன்னைத் தெரியாதவள் போல அவள் கடந்து போக வழி விட்டார் என்றே நினைக்கிறேன்.

அவள் நின்றாள்.

"வெஸ்லி, இது எங்கப்பா," என்றாள். பிறகு குரலை மாற்றாமல், "அந்த வீடியோல கத்தினது இவர்தான். அன்னிக்கு நான் பொய் சொன்னேன்," என்றாள்.

வெஸ்லி அவளைப் பார்த்தான், வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்தான். "அட, அந்த ஆளா!" என்றான். சிரிக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார். "ஆமா தம்பி. நான்தான்."

அவர் முகம் கழுத்து வரை சிவந்து போயிருந்தது. கோரின் அவரைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. வெஸ்லி தலையாட்டிவிட்டு முன்னே நடந்தான்.

"வண்டி எங்க நிக்குது?" என்றாள்.

"பாலத்துக்குக் கீழ."

"ஷிஃப்ட் முடிய நேரமாகும்பா."

"இருக்கேன்," என்றார். தொப்பியைத் திரும்பத் தலையில் வைக்காமல், மகளோடு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போகும் அந்த வேலி ஓரத்திலேயே நின்றார்.