பின்வாசலில் ஏழு படிகள்

அந்த ஊரில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. கடைக்குப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும் கழுத்தில் அந்த மஞ்சள் இஞ்சு டேப் தொங்கும்.

"படுக்கறப்பவாவது கழட்டி வை. கனவுலயும் எவனுக்காவது பேண்ட் அளவு எடுக்கப் போறியா?" என்று அவள் கணவர் கேட்பார்.

"உங்களுக்குத்தான் எடுக்கணும். மாசத்துக்கு ஒரு இஞ்சு ஏறுது."

அவர் பேருந்து நிலையத்தில் வண்டிகள் வருகிற, போகிற நேரத்தைக் குறிக்கிறவர். வயிற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் அவரும் புறப்பட்டுவிடுவார்.

முப்பத்திரண்டு வருடமாக வாடகை வீட்டின் முன்னறையில் மெஷின் மிதிக்கிறாள். பள்ளிச் சீருடை, கவுன், தலையணை உறை, கிழிந்த திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பாள். தெருமுனையில் திரும்பி ஒருத்தர் நாலு அடி நடந்தால் போதும், எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, எந்தக் கால் இழுக்கிறது என்று சொல்லிவிடுவாள். அளவு கொடுக்க நிற்கும்போது எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நேராக நிற்பார்கள். அதை நம்பித் தைத்தால் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் வாசலுக்கு வரும்போதே பார்த்து வைத்துக்கொள்வாள்.

ஊர்க் கட்டடங்களைக் காப்பாற்றுகிற குழுவில் அவள் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஆற்றங்கரைத் தானியக் கிடங்கு. புதுச் சாலை வந்ததும் நிலத்தின் விலை ஏற, அதன் சொந்தக்காரர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். காலையில் அந்த வழியாகச் சந்தைக்குப் போனவர்கள் மாலையில் திரும்பியபோது அங்கே வெறும் வானம் தெரிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். அவள் பின்வரிசையில் இருந்து எழுந்தாள்.

"எங்கம்மா பதினெட்டு வருஷம் அந்தக் கிடங்குல சாக்கு தச்சாங்க. இப்ப அந்த எடத்தக் காட்டி இங்கதான்னு சொன்னா எம் பொண்ணே நம்ப மாட்டா. இன்னும் நாலு வருஷம் போனா நானே நம்ப மாட்டேன்."

கை தட்டினார்கள். கை தட்டினால் வேலையைத் தலையில் கட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். நகரத்திலிருந்து வந்த கட்டடக்கலைஞர், முப்பது வயது ஒல்லிப் பையன், முதலில் ஒவ்வொரு கட்டடத்தையும் அளக்க வேண்டும் என்றான். யார் அளப்பது என்று எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார்கள்.

எட்டு மாதம். நாற்பத்து மூன்று கட்டடங்கள். கதவின் உயரம், சன்னல் கம்பியின் இடைவெளி, படியின் அகலம் எல்லாவற்றையும் நீள நோட்டில் எழுதினாள். கூடவே வீட்டுக்காரர்கள் சொன்னதையும் எழுதினாள். எந்த அறையில் யார் பிறந்தார்கள், வெள்ளம் வந்த வருடம் தண்ணீர் எந்தச் செங்கல் வரை ஏறியது, எந்தச் சன்னல் வழியாக எந்த டீச்சர் காதலனோடு இறங்கிப் போனாள். "அளவு ஒரு இஞ்சுகூடத் தப்பல அக்கா" என்று அந்தக் கட்டடக்கலைஞர் தம்பி ஆச்சரியப்பட்டான். ஊராட்சி அந்த நோட்டையே பட்டியலாக ஏற்றுக்கொண்டது. அதில் இருப்பதை இனிமேல் குழு சம்மதிக்காமல் யாரும் இடிக்கவோ மாற்றவோ கூடாது.

இருபத்தேழாவதாக அளந்தது அவள் ஓரகத்தியின் வீட்டை.

ஓரகத்தி என்றால் புருஷனுடைய அண்ணன் மனைவி. மாமனார் காலமானபோது அண்ணனுக்கு வீடு கிடைத்தது, தம்பிக்கு வாய் வார்த்தை கிடைத்தது. தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி பெண்டாட்டி எடுத்துக்கொண்டாள். வெளியே காட்டாமல் நல்லது கெட்டதுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். இப்போது அந்த அண்ணனும் இல்லை, மகள் வெளிநாட்டில். அவ்வளவு பெரிய வீட்டில் பெரியவள் ஒருத்திதான்.

அளக்கப் போன அன்று பெரியவள் டீ போட்டுக் கொடுத்தாள். "முன்னாடி எல்லாத்தையும் எழுதிக்கோ. பின்வாசல் படிய மட்டும் விட்டுடு. அத உடைச்சிட்டுச் சரிவாக் கட்டணும். கக்கூஸ் கீழ கொல்லைல இருக்கு. முட்டி இப்பல்லாம் என் பேச்சக் கேக்கறதில்ல."

"சரிக்கா" என்றாள். வெளியே வந்து, ஏழு படிகள், கருங்கல், ஒவ்வொன்றும் எட்டு இஞ்சு உயரம் என்று எழுதினாள்.

ஏன் எழுதினாள்? அந்த ஊரிலேயே அவ்வளவு நல்ல கல் வேறு எங்கும் கிடையாது. தேய்ந்து தேய்ந்து ஒவ்வொரு படியின் நடுவிலும் தட்டு மாதிரி ஒரு பள்ளம். அது நிஜம். கல்யாணமாகி அந்த வீட்டில் இருந்த பதினோரு வருடமும் தினமும் அந்தப் படிகளைத் தேய்த்துக் கழுவியவள் அவள்தான். அதுவும் நிஜம். இவள் தேய்த்ததை அவள் உடைப்பதா? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போதுகூட ஊரின் பெருமை, கல்லின் அழகு என்றுதான் சொல்லிக்கொண்டாள்.

பெரியவள் முறைப்படி மனு போட்டாள். குழு கூடியபோது கட்டடக்கலைஞர் தம்பிதான் கேட்டான். "அந்த அம்மாவுக்கு இறங்க ரொம்பக் கஷ்டமா இருக்கா? அப்படின்னா வேற ஏதாவது யோசிக்கலாம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சொந்தக்காரி அவள் ஒருத்திதானே.

"நல்லாத்தான் நடக்கறாங்க" என்றாள்.

இரண்டே வார்த்தை. மனு தள்ளுபடி. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கவும் செய்தாள். அதைத்தான் பிற்பாடு அவளால் பொறுக்கவே முடியவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு காலையில், நாலாவது படியில் பெரியவளின் கால் மடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்டு வருவதற்குள் இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியோடு வீடு வந்தாள். முன்கூடத்தில் கட்டிலைப் போட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு பாத்திரம். கக்கூஸ் என்பது இனி அதுதான்.

டேப் அக்கா ஒரு நாளைக்கு மூன்று வேளையும் போனாள். சாப்பாடு ஊட்டினாள், உடம்பு துடைத்தாள், பாத்திரத்தை எடுத்துக் கழுவி வைத்தாள். "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா" என்று தெருவே புகழ்ந்தது. அதைக் கேட்டால் அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணியது. ஒரு சீருடைச் சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டாள்.

பெரியவளோ மனுவைத் தள்ளியது அந்தத் தம்பிதான் என்று நினைத்து அவனைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த நெட்டக்கொக்கு என்ன சொன்னானாம், படி சரித்திரமாம். அவன் வீட்டுக் கக்கூஸ் ஏழாவது மாடில இருக்கட்டும். லிஃப்ட் வேல செய்யாம இருக்கட்டும். அவனுக்கு வயித்தால போகட்டும்."

"விடுங்கக்கா."

"நீ ஏண்டி அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர? ஒனக்கு அவன் என்ன மாமனா மச்சானா?"

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் போவாள். சொன்னால் இனிமேல் வராதே என்பாள், அப்புறம் பாத்திரத்தை யார் எடுப்பார்கள் என்று ஒரு சமாதானம் தயாராக நிற்கும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பயந்தவளுக்கு நியாயம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியே வந்தான். பெரியவள் விழுந்த விஷயம் அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் நின்றான். டேப் அக்கா கையில் சோற்றுக் கிண்ணத்தோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டாள்.

"வாங்க சார்" என்றாள் பெரியவள். "படி சௌக்கியமா இருக்கா, பாத்துட்டுப் போக வந்தீங்களா? பாருங்க. கல்லுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆயிடுச்சு."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா. நான் கேட்டேன், அப்ப..." என்று இழுத்தவன் நிமிர்ந்து டேப் அக்காவைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "என் தப்புதாம்மா" என்றான்.

சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டப் போனான். டேப் அக்காவுக்குப் பிள்ளையாக இருக்க வேண்டிய வயது. அவள் செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறான்.

"நில்லு தம்பி" என்றாள். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அக்கா, இவன் இல்ல. அன்னிக்கு இவன் கேட்டான், அந்த அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கான்னு. நான்தான் நல்லாத்தான் நடக்கறாங்கன்னு சொன்னேன். படிய நோட்டுல ஏத்தினதும் நான்தான்."

பெரியவள் தலையை அவள் பக்கம் திருப்பினாள்.

"நான் நடந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன பாத்த?"

"இடது கால் இழுக்கும். எறங்கறப்ப செவுத்தப் புடிச்சுப்பீங்க. மூணாவது படில நின்னு மூச்சு வாங்குவீங்க."

"அத அங்க சொன்னியா?"

"இல்லக்கா."

"ம்" என்றாள் பெரியவள். பிறகு, "அந்தச் சோத்த எடுத்துட்டுப் போ" என்றாள்.

தம்பிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பின்பக்கம் போய்ப் படிகளைப் பார்த்துவிட்டு வந்தான். "இத உடைக்கவே வேணாம். மேல பலகையடிச்சுச் சரிவாப் போட்டுடலாம். கொல்லை நீளமாத்தான் இருக்கு. வேணாம்னா நாளைக்குக் கழட்டிக்கலாம். மொத்த உயரம் எவ்வளவு வரும்?"

"அம்பத்தாறு இஞ்சு" என்றாள் டேப் அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அளவெல்லாம் நல்லாச் சொல்லுவா" என்றாள் பெரியவள், சுவரைப் பார்த்தபடி.

அன்றைக்கே யாராவது யோசித்திருந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. தையலில் அவள் எத்தனை தடவை செய்திருக்கிறாள், நல்ல துணியை வெட்டாமல் உள்ளே மடித்துப் பிடித்துத் தைப்பதை. இங்கே அவளுக்கு அது தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று அவள் விரும்பவில்லை என்பதுதான் சரி.

அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தலைமையாசிரியர் சங்கடப்பட்டார். "விடும்மா. தெரியாமச் சொன்னதுதானே."

"தெரிஞ்சுதான் சார் சொன்னேன். நோட்டுல எழுதுங்க."

"இதெல்லாம் எதுக்கு நோட்டுல?"

"அந்த வீட்டுல யார் பொறந்தாங்கன்னு எழுதினோம், எந்தச் சன்னல்ல எவ குதிச்சான்னு எழுதினோம். யார் எதனால விழுந்தாங்கன்னும் எழுதுங்க. இல்லன்னா நானே எழுதிக்கறேன்."

அவளேதான் எழுதினாள். இருபத்தேழாம் பக்கத்தில், அளவுகளுக்குக் கீழே, நாலு வரி.

ஓரகத்தி வீட்டுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. "வேற ஆள் ஏற்பாடு பண்ணட்டுமாக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஒன்பது நாள் பெரியவள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரம் வேண்டும் என்றால் கட்டிலின் சட்டத்தை விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். டேப் அக்கா அவள் இடுப்பைத் தூக்கிப் பாத்திரத்தை வைப்பாள். பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கெடுத்தவள் கையாலேயே இதையும் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, வேண்டாம் போ என்று விரட்டக்கூட வழியில்லை. அது டேப் அக்காவுக்குப் புரிந்தது. வாய் விட்டு நாலு வார்த்தை வைதிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பத்தாம் நாள் தச்சர் பலகைச் சரிவை முடித்தார். இருபத்தெட்டு அடி நீளம், இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காமல் இருக்கக் குறுக்கே மெல்லிய சட்டங்கள். படிகள் அப்படியே அடியில் இருந்தன. பெரியவளை நாற்காலியில் உட்கார வைத்துப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"நீங்களே தள்ளுங்க" என்றாள் பெரியவள் தச்சரிடம்.

"தள்ளறேன்மா. ஆனா இறக்கமா இருக்கு, பின்னாலருந்து நான் ஒருத்தன் புடிச்சா நிக்காது. முன்னால ஒருத்தர் பிடி குடுத்துக்கிட்டே பின்பக்கமா நடக்கணும்."

வேறு யாரும் அங்கே இல்லை. டேப் அக்கா யாரையும் கேட்காமல் முன்னால் போனாள். குனிந்து நாற்காலியின் கால்தாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே முகம். பெரியவள் அவள் தலைக்கு மேலே கொல்லைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி நகர்ந்தது. பாரம் முழுக்க டேப் அக்காவின் மணிக்கட்டில் வந்து இறங்கியது. ஒரு சட்டம், இரண்டாவது சட்டம் என்று காலால் தடவித் தடவிப் பின்னால் வைத்தாள். பாதி தூரத்தில் குதிகால் ஒரு சட்டத்தில் இடறியது. நாற்காலி ஒரு சாண் சறுக்கி நின்றது. பெரியவளின் கை கைப்பிடியை விட்டு முன்னால் வந்து அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்தது.

"பின்னால பாத்துக் கால வை" என்றாள் பெரியவள். "நீயும் விழுந்து தொலைச்சா என்னை யாரு பாக்கறது?"

பிடித்த கையை அவள் கீழே போய்ச் சேரும் வரை எடுக்கவில்லை. கீழே போனதும் எடுத்துவிட்டாள்.