இரண்டாவது எண்

தம்பி கிளம்பிப் போனது, நீரேற்று நிலையத்துக்கு அந்த மென்பொருள் வந்து சேர்ந்த அதே திங்கட்கிழமை. காலையில் ஒரு வேனில் சாம்பல் நிறப் பெட்டி வந்து இறங்கியது. சாயங்காலம் அதே வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து அவன் போய்விட்டான்.

நிலையம் ஆற்றங்கரையில் இருக்கிறது. மூன்று மோட்டார்கள் தண்ணீரைக் குன்றின் மேலுள்ள தொட்டிக்கு ஏற்றும். அதுவரை பேனலைப் பார்த்துக்கொண்டது அக்காவும் தம்பியும்தான். பகலில் அவள், இரவில் அவன். புது மென்பொருள் வந்தபின் யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்காவிட்டால் அதுவே போன் போட்டுச் சொல்லிவிடும். முதல் எண் எடுக்கவில்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. முதல் எண் அக்கா. இரண்டாவது தம்பி. மூன்றாவது, ஒரு நட்டைக் கழற்ற அரைநாள் யோசிப்பதால் எல்லோரும் ‘பொறுமை’ என்று கூப்பிடும் ஃபிட்டர். போனை எடுப்பது தாங்கள்தான் என்று காட்ட, எடுத்ததும் அழுத்துவதற்கு மூவரும் ஆளுக்கொரு ரகசியக் குறியீடும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலை கலகலப்பாகத்தான் இருந்தது. போனில் பேச ஒரு குரல் வேண்டும் என்றார் பெட்டி கொண்டுவந்தவர்.

“நீ பேசுக்கா. நீ கத்துனா செத்த மோட்டாரும் எழுந்து ஓடும்” என்று தம்பி அவளை மைக் முன்னால் தள்ளிவிட்டான்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். “தொட்டியின் நீர்மட்டம் அளவைத் தாண்டுகிறது. பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும். அடுத்தவருக்கு அனுப்ப இரண்டை அழுத்தவும். மறுபடி கேட்க மூன்றை அழுத்தவும்.”

“மூணு எதுக்குங்க?” என்றான் தம்பி.

“தூக்கக் கலக்கத்துல புரியலேன்னா இன்னொரு தடவை கேக்கத்தான்.”

“எங்க அக்கா குரலை எவன் இன்னொரு தடவை கேக்கப் போறான்? ஒரு தடவை கேட்டாலே ஒரு வாரத்துக்குத் தாங்கும்.”

மத்தியானம் டீ குடிக்கும்போது நிலையத்து இன்ஜினீயர் கேட்டார். “இனி ஒரு ஆள் போதும். ரெண்டு பேர்ல யாரு இருக்கப் போறீங்க?”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “இவனைக் கேக்காதீங்க சார். கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவன். ஒரு நாற்காலியில நிலையா உக்காருவானா?”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். இன்ஜினீயர் மட்டும் சிரித்து முடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கேட் அருகே அவன் நின்றான். தோளில் பை. “ஆறு வருஷமா ராத்திரியெல்லாம் அந்த நாற்காலியில உக்காந்தது யாருக்கா?”

அவள் பையைப் பிடிக்கக் கை நீட்டினாள்; அவன் விலகிக்கொண்டான்.

“எனக்குப் போன் பண்ணாதே. உன் பேரைப் பாத்தா எடுக்க மாட்டேன்.”

சொன்னபடியே எடுக்கவில்லை. முதல் வருடம் முழுக்க முயன்று பார்த்துவிட்டு அவள் விட்டுவிட்டாள்.

அதன்பின் அவளைக் கூப்பிட்டது அவளுடைய குரல்தான். துணி மடிக்கும்போதோ கண் செருகும்போதோ போன் அடிக்கும். எடுத்தால் எங்கோ குளிர்ந்த அறைக்குள் இருந்து பேசுகிற மாதிரி அவளே பேசுவாள். கொஞ்சம் இளையவளாக, தம்பி இன்னும் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பவளாக. வாக்கியத்தின் கடைசியில் அந்தச் சிரிப்பின் நிழல் லேசாக விழுந்திருக்கும். அவள் அதைக் கேட்டுவிட்டுத்தான் ஒன்றை அழுத்துவாள்.

“தன்னைத் தானே எழுப்பிக்கிட்டு, எழுப்பினவ மேலயே எரிஞ்சு விழற பொம்பளைய இப்பதான் பாக்கறேன்” என்பார் கணவர். அவர் தையற்காரர். முன்னறையில் அவருடைய மிஷின் ஓடும் சத்தமும், அவள் காதிலேயே தங்கிவிட்ட மோட்டார் சத்தமும் சேர்ந்து அந்த வீடே ஒரு படகு மாதிரி மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும்.

மாதத்தின் முதல் திங்கள் காலையில் மென்பொருள் எல்லா எண்களையும் கூப்பிட்டுச் சோதிக்கும். பிறகு அவளுக்கு அறிக்கை வரும். ‘இரண்டாம் எண்: மணி அடித்தது. எடுக்கவில்லை.’ மாதாமாதம் அதே வரி. அவளுக்கு அது போதும். மணி அடித்தது என்றால் அவன் எங்கோ ஓர் அறையில் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த அறையை அவள் விதவிதமாகக் கட்டிப் பார்த்தாள். ஒரு மாதம் கடல் தெரியும் ஜன்னல். ஒரு மாதம் பனி படிந்த கண்ணாடி. மேஜை மட்டும் எப்போதும் ஒன்றே. அதன் மேல் போன் நடுங்கி நடுங்கி நகரும்.

இன்ஜினீயருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. “அந்த ரெண்டாவது நம்பரை எடுத்துடலாம்மா. அது அடிச்சு ஓயறதுக்குள்ள தொட்டி வழிஞ்சு சரிவுல இருக்கற வீடெல்லாம் மெதக்கும்.”

“முதல் நம்பர் நான் இருக்கேன்ல சார். அதுவரைக்கும் எதுக்குப் போகப் போவுது?”

“ஒரு தடவை நீங்க எடுக்காம விட்டா?”

“விட்டா அன்னைக்கே அவன் நம்பரை எடுத்துடுங்க.”

அன்றிலிருந்து அவள் ஓர் அழைப்பையும் தவறவிடவில்லை. குளிக்கும்போது போன் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜன்னலில் இருக்கும். தூக்கம் அவளுக்கு முழங்கால் ஆழத்துக்கு மேல் போகவில்லை. உள்ளே இறங்குவாள், காலை வைத்துப் பார்ப்பாள், ஏறிவிடுவாள். வருடங்கள் அப்படியே போயின.

ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் கண்டது. கணவர் மாத்திரை கொடுத்துப் போர்த்திவிட்டு, தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போனார். போன் தலையணைக்கடியில் இருந்தது. மத்தியான வெயில் திரைச்சீலை வழியாகப் பச்சையாக வடிந்தது. அறை மெதுவாக நிரம்பியது. கட்டில் மிதந்தது.

குன்றின் மேல் தொட்டியின் விளிம்பில் தம்பி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். அரை டிராயர் போட்ட வயசு. தொட்டிக்குள் வானம் இருந்தது. எங்கிருந்தோ ஒரு பெண் நீர்மட்டம் உயர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “எடுக்கலியாக்கா?” என்றான். “எடுத்துட்டேன்டா” என்றாள் அவள். தண்ணீர் அவன் பாதத்தைத் தொட்டது.

விழித்தபோது வெயில் சுவர் மாறியிருந்தது. போனில் தவறிய அழைப்பு ஒன்று. நிலையத்திலிருந்து.

உடனே ஃபிட்டரைக் கூப்பிட்டாள்.

“மோட்டாரை நிறுத்திட்டேன்க்கா” என்றான் பொறுமை, பின்னால் தண்ணீர் சொட்ட. “அதைத் தானா நிறுத்தற மிதவை சிக்கிக்கிச்சு. ரெண்டு வாளி தண்ணி வழிஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஆமா, உனக்கு என்னாச்சு? நீ எடுக்கலேன்னா ஆறு பின்னால ஓடுதோன்னு பாத்தேன்.”

“தூங்கிட்டேன்.”

“நல்லதா போச்சு. நீயும் மனுஷிதான்னு இப்ப நம்பறேன்.”

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். கொடுத்த வாக்கு வாக்குதான். இன்றைக்கே இன்ஜினீயர் அந்த எண்ணை எடுத்துவிடுவார். எங்கோ ஒரு மேஜை இனி நடுங்காது. கடல் ஜன்னல், பனிக் கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்றாக விளக்கணையும்.

பிறகுதான் தோன்றியது. இன்று திங்கட்கிழமை இல்லையே. சோதனை அழைப்பு வரும் நாள் அவனுக்குத் தெரியும். மற்ற நாளில் நிலையத்திலிருந்து மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அக்கா எடுக்கவில்லை. அவன் அதை நினைத்திருப்பானா?

முன்வாசலில் கணவரின் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எச்சரிக்கை முடிந்தபின் மென்பொருள் அனுப்பும் அறிக்கை. அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

‘முதல் எண்: மணி அடித்தது. எடுக்கவில்லை.
இரண்டாம் எண்: எடுக்கப்பட்டது. குறியீடு சரி.
மூன்று அழுத்தப்பட்டது. மறுபடி கேட்கப்பட்டது.
மூன்று அழுத்தப்பட்டது. மறுபடி கேட்கப்பட்டது.
மூன்று அழுத்தப்பட்டது. மறுபடி கேட்கப்பட்டது.
இரண்டு அழுத்தப்பட்டது. அடுத்தவருக்கு அனுப்பப்பட்டது.’