மீன் படம் போட்ட பலகை

இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போவது என் வேலை. எங்களில் நாலு பேர் இருக்கிறோம். ஒரு படகு, சில தூண்டில்கள், கொஞ்சம் இங்கிலீஷ், அவ்வளவுதான் தொழில். மீன் இருந்தால்தான் பிழைப்பு. தேயிலைத் தோட்டத்து ஆறு நீர்த்தேக்கத்தில் விழுகிற இடத்தில் ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியாக்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தேயிலைக்குள் புல்லுக்கு மருந்தடிக்கிறவர்கள் வேலை முடிந்ததும் முதுகுக் கேனை ஆற்றில்தான் அலசுவார்கள். இதை நிறுத்தியே தீருவது என்று நாலு பேரும் கிளம்பினோம். பலகை வைப்பதென்று முடிவாயிற்று. எங்களுக்குத் தெரிந்தது மீன்தானே! பெரிதாக ஒரு மீனை வரைந்து, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, கீழே மூன்று மொழியிலும் 'ஆற்றைக் காப்போம்' என்று எழுதினோம். மருந்தால் செத்த மீன் என்று அர்த்தம். எங்கள் மூளைக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

தோட்டம் அப்படியே கீழ்ப்படிந்தது. ஒருத்தரும் மீன் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியோடு கரையில் உட்கார்ந்தேன். தோட்டத்து வாட்சர் வந்து, "இங்க மீன் புடிக்கக் கூடாதுங்க. போர்டு போட்டிருக்காங்க பாருங்க," என்றார். பலகைக்கு நேர் கீழே ஒருவர் நிதானமாகக் கேனை அலசிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

அலசியவர் எங்களுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் லய வீடுகளில் இருக்கும் அண்ணன். சாயந்தரம் அவர் வாசலில் போய்ச் சண்டைக்கு நின்றேன். அவர் என்னை உட்காரவைத்துப் பால் விடாத பிளேன்டீ கொடுத்தார்.

"மீன் சாவுறது எனக்கும் தெரியும் தம்பி. தண்ணி விழுற பீலியில கழுவப் போனா பொம்பளைங்க வெரட்டுறாங்க, அது புள்ளைங்க குடிக்கிற தண்ணி. வேற எங்க கழுவுறது? அத நீங்க எழுதலையே."

வெட்கமாகிவிட்டது. கேட்டிருக்க வேண்டியதை விட்டுவிட்டு, படம் வரைந்து கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாளே பலகையைக் கழற்றினோம். ஆற்றுக்கு எட்டாத மேட்டில், தேயிலைக்குள் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயை, எங்கள் பேச்சில் பரலை, வைத்தோம். அங்கேயே கேனை அலசி, அலசின தண்ணியையும் அந்தப் புல்லுக்கே அடித்துவிடலாம் என்றார் அண்ணன். "ஆனா நாள் முழுக்கக் கேன் சொமந்துட்டு, கழுவத் தண்ணியும் நாங்க சொமக்க முடியாது." அதை நாங்கள் சுமப்பதாக வாக்குக் கொடுத்தோம். மருந்தடிக்கிற நாட்களில் முறைவைத்து ஆற்றிலிருந்து வாளியில் சுமந்து நிரப்புகிறோம். கொழுந்து எடுக்கிற அக்காமார், "சார்மாரு இன்னிக்கு நல்லா வேர்க்குறாங்க," என்று கேலி செய்வார்கள். எனக்கு அந்த மேடு ஏறுவது பிடித்துப்போயிற்று. செத்த மீன் பார்த்து நாளாகிவிட்டது.

போன வாரம் என் முறை. மீன்பிடிக்க வந்த வெளிநாட்டு விருந்தாளிகள் சீக்கிரம் வந்துவிட்டதால் சுத்தமாக மறந்துபோனேன். மத்தியானம் ஆற்றோரம் நிற்கிறேன், தூண்டிலில் மீன் இழுக்கிறது, அண்ணன் கேனோடு இறங்கி வருகிறார். தண்ணீருக்கும் அவருக்கும் பத்தடிகூட இல்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் ஆற்றைப் பார்க்கவேயில்லை. என் பக்கத்துக் கல்லில் கேனை இறக்கிவைத்தார்.

"பரல்ல தண்ணி இல்ல தம்பி. தூக்கிட்டு வாங்க, நான் இருக்கேன்."

மீனோடு தூண்டிலை வெள்ளைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாளியைத் தேடி ஓடினேன்.