மயிலம் தாண்டி ஆடிய டிரெய்லர்

பிள்ளைகளே, பழுதான நம் சின்ன டிராக்டரைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பட்டறைக்கு டிரெய்லரில் இழுத்துப் போனவர் ஒரு பிக்கப் டிரைவர். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஒல்லியான மனிதர். சாலையைவிடப் பக்கக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பார்.

மயிலம் கூட்டுரோடு தாண்டியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக வீசியது.

“பிரேக் புடிங்க!” என்று கத்தினேன்.

“புடிச்சா கவுந்துடும். கம்முனு வாங்க.”

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தார். வண்டி மெல்ல அடங்கி நின்றது. டிராக்டரைக் கட்டியிருந்த சங்கிலியின் கண்ணி ஒன்று விரிந்து, டிராக்டர் பின்னுக்கு நகர்ந்திருந்தது. பாரமெல்லாம் டிரெய்லரின் வாலில் இருந்ததால்தான் அந்த ஆட்டம். முன்னே தள்ள முடியவில்லை. அதே சங்கிலியை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினார்.

“நீங்க பஸ்ல வாங்க. புள்ளகுட்டிக்காரரு.”

“உங்களுக்குப் புள்ளைங்க இல்லியா?”

“ரெண்டு இருக்குதுங்க” என்றபடி தனியாகக் கிளம்பினார்.

பஸ்ஸில், வண்டி கவிழ்ந்து கிடக்கிறதா என்று சாலையோரப் பள்ளம் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தபடி போனேன். பட்டறையில் டிராக்டர் பத்திரமாக இறங்கியிருந்தது. அவரோ அந்தச் சங்கிலியோடு அடுத்த பாரம் ஏற்றப் போய்விட்டாராம்.