வாரண்ட் அக்கா தட்டிய கதவு

என் மருமகளைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் கேட்பவர்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். மாமியார் என்றால் குறைதான் சொல்ல வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள் போல. குறை சொல்ல எனக்கும் தெரியும். துணி மடிக்க வராது. குடித்த டம்ளரை வைத்த இடத்திலேயே மறந்துவிடுவாள். போனை எடுத்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். போதுமா? இனி நான் பெருமை பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியின் கேன்டீனில். பெரிய என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்கு எந்தக் கட்டடத்தில் எந்த அறை என்று பிடிபடுவதற்குள் முதல் பருவமே முடிந்துவிடும். மாடிக்கு ஏற ஒரு படிக்கட்டு, இறங்க வேறொரு படிக்கட்டு. மாற்றி ஏறினால் கூட்டத்தில் நசுங்கிச் சட்னியாக வேண்டியதுதான். பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கிற பள்ளி இல்லை இது. இந்தப் பகுதியில் குடியிருக்கிற எந்தப் பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் லாரி டிரைவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வாசலில்தான் நுழைய வேண்டும், ஒரே வரிசையில்தான் என்னிடம் தட்டை நீட்ட வேண்டும். நான் பரிமாறுகிற ஜன்னலில் நின்றால் பள்ளியின் சங்கதி அத்தனையும் தெரியும். எந்தச் சிநேகிதிகள் நேற்றிலிருந்து பேசுவதில்லை, எவன் தன் முட்டையை எந்தப் பெண்ணின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறான், எல்லாம். பிள்ளைகள் எனக்குக் கரண்டி அம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாசத்தில்தான் என்று நம்புகிறேன்.

என் சமையலறைக்குப் பின்னால் ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் தெரு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு பெண் அந்தச் சுவரில் ஏறி ஏறிக் குதிப்பாள். நான் கரண்டியோடு வெளியே ஓடி, "ஏய், எறங்குடி! உன் டீச்சர்கிட்ட சொல்றேன் பாரு!" என்று கத்துவேன். சொல்லவும் சொல்வேன். மறுநாள் அதே நேரத்துக்கு அதே சுவரில் அவள் கால் தெரியும். அப்புறம் அவள் எப்படியோ படித்து முடித்துப் போனாள், நானும் மறந்துவிட்டேன். எலக்ட்ரீஷியனாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, நான் கட்டிக்கப் போற பொண்ணு" என்று ஒருத்தியைக் கூட்டிவந்து நிறுத்தினான். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, நீ அந்தச் சுவர் ஏறுற பொண்ணுதானே?"

"இன்னைக்கு வாசல் வழியாத்தான் வந்தேன் அத்தை" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே அத்தையாம்! வாய்க்கொழுப்பு. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே மறுப்பது?

பிறகு ஒருநாள் கேட்டேன், அப்படி என்னதான் கசந்தது பள்ளிக்கூடம் என்று. "கசக்கல அத்தை. அவ்ளோ பெரிய ஸ்கூல்ல நான் இல்லைங்கறது யாருக்கும் தெரியல. ஒரு வாரம் போகாம இருந்து பாத்தேன், ஒருத்தரும் கேக்கல. என்னைத் தேடி ஓடி வந்தது நீங்க மட்டும்தான். அதுவும் கரண்டியோட" என்றாள். அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு. எனக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு தேடிப் போய் அழைத்துவர ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியை தேடியபோது என் மருமகள் போய் நின்றாள். வேலை கிடைத்தது. பிள்ளைகள் வாரண்ட் அக்கா என்று பேர் வைத்தார்கள். வாரண்ட் அக்கா தெருவில் வருகிறாள் என்றால் வீடியோ கேம் கடையில் ஷட்டர் தானாக இறங்கும் என்பார்கள். ஆனால் அவள் அதட்டி நான் பார்த்ததில்லை. அவளுக்கென்று ஒரு முறை உண்டு. கதவு திறந்தால் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். பேரைக் கேட்டாலே போலீஸ் வந்த மாதிரி பிள்ளைகள் உள்ளே ஓடிவிடுமாம். ஏன் வரவில்லை என்றும் கேட்க மாட்டாள். கேட்டால் பொய் சொல்ல வேண்டிவருமாம், பொய் சொன்ன பிள்ளைக்கு வெட்கத்தில் மறுநாளும் வர முடியாதாம். "உன்னக் கூப்பிடத்தான் வந்தேன், வா போலாம்" என்பாள். அவ்வளவுதான். வழியெல்லாம் வேறு கதை பேசிக்கொண்டு நடப்பாள். கூடப் போன பிள்ளைகள் பெரும்பாலும் மறுநாள் தானாகவே வரும்.

இந்த முறைதான் ஒருநாள் அவளைக் கவிழ்த்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், வகுப்புகளைக் கலைத்துப் புதிதாகப் பிரித்த நாளிலிருந்து வரவே இல்லை. புது வகுப்பில் யாருக்கும் அவள் முகம் சரியாகத் தெரியாது. அவளைத் தேடி என் மருமகள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாள். அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக ஒரே கட்டடங்கள், ஒரே மஞ்சள் பெயிண்ட். மாடி சரி, கதவு எண் சரி, கட்டடம் தப்பு. கதவைத் தட்டினாள். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் திறந்தாள். அதே வயசு. இவளும் வழக்கம்போல, "உன்னக் கூப்பிடத்தான் வந்தேன், வா போலாம்" என்றாள்.

அந்தப் பெண் இவள் கழுத்தில் தொங்கிய பள்ளி அட்டையைப் பார்த்தாளாம். துணியைக் கொடியில் போட்டாளாம். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாளாம்!

அலுவலக அலமாரியில் இருந்த உபரிச் சீருடை ஒன்றைக் கொடுத்து வகுப்பில் உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் யாரோ புதுசு என்று நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் ஜன்னலுக்கு வந்தவளிடம் கேன்டீன் அட்டை இல்லை. "எந்த கிளாஸும்மா?" என்றேன். திருதிருவென்று விழித்தாள். சரி, பசிக்கிற நேரத்தில் என்ன விசாரணை என்று தட்டை நிரப்பிக் கொடுத்தேன். சிரித்துக் கதை பேசிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். அவள் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, அந்தப் பேச்சைத்தான் வாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் அலறல். ஒரு பெண், தலை கலைந்து, கால் செருப்புகூட ஜோடி மாறி, இடுப்பில் கைக்குழந்தையோடு வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சியக் காணோம்! கழுத்துல உங்க ஸ்கூல் அட்டை மாட்டின பொம்பள கூட்டிட்டுப் போனதா பக்கத்து வீட்டுல சொல்றாங்க! எங்க என் தங்கச்சி?"

கேன்டீன் அட்டை இல்லாமல் வந்தவள் யார் என்று எனக்குப் பிடிபட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துத் தலைமையாசிரியை அறைக்குக் கூட்டிப்போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன்.

விஷயம் அங்கேதான் விளங்கியது. தாய் இறந்த பிறகு இந்தப் பெண் அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். எங்கள் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தது. அதற்குள் அக்காவுக்குக் குழந்தை. அக்காவுக்கு ஆலையில் ராத்திரி ஷிப்ட். பகலில் அவள் தூங்குகிற நேரத்தில் குழந்தையைத் தங்கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாசம் சேர்க்கலாம், அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அன்று குழந்தையும் அக்காவும் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் என் மருமகள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

அக்காக்காரி பொரிந்து தள்ளிவிட்டாள். "யாரக் கேட்டு என் வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டு வந்தீங்க? கண்ணு முழிச்சா ஆளக் காணோம். என் உயிரு எப்படித் துடிச்சுச்சு தெரியுமா?" அவள் கேட்டதில் என்ன தப்பு? என் பிள்ளையாக இருந்தால் நான் கரண்டியோடு வந்திருப்பேன்.

தலைமையாசிரியை, அலறல் கேட்டு ஓடிவந்திருந்த என் மருமகளைப் பார்த்து, "நீங்க செஞ்சது பெரிய தப்பு. இவங்க புகார் குடுத்தா நான் உங்கள வேலையில வச்சுக்க முடியாது" என்றார்.

"தப்புதான் மேடம்" என்றாள் இவள். "அக்கா, நான் வீடு மாறி வந்துட்டேன். பேர் கேட்டிருக்கணும். உங்கள எழுப்பியிருக்கணும். நீங்க என்ன சொன்னாலும் ஏத்துக்கறேன்."

அக்காக்காரி மூச்சு வாங்கினாள். கோபம் இறங்குவது தெரிந்தது. "சரி, தெரியாம நடந்துபோச்சு, விடுங்க" என்று தங்கையின் கையைப் பிடித்தாள். அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். வேலை தப்பித்தது, கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் மருமகளா மூடுவாள்?

"அக்கா, தங்கச்சிய இங்க விட்டுட்டுப் போங்க" என்றாள்.

"என்ன?"

"இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும், அப்புறம் இந்த வகுப்புல சேர முடியாது. இப்ப எடம் இருக்கு. சேத்துடலாம்க்கா."

அடிப் பாவி, போகிற சனியனை வாசலில் நின்று கூப்பிடுகிறாயே என்று மனசுக்குள் கத்தினேன். அக்காக்காரிக்கு மறுபடி ஏறிவிட்டது. "தப்பையும் பண்ணிட்டு எனக்கே புத்தி சொல்றீங்களா? மேடம், பேப்பர் குடுங்க. புகார் எழுதித் தரேன்!"

தலைமையாசிரியை பேப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் மருமகள் அந்தப் பேப்பரைப் பார்த்தாள். வாயை மட்டும் மூடவில்லை. "எழுதுங்கக்கா. எழுதிட்டு இவளச் சேத்துட்டுப் போங்க. உங்க கட்டடத்துக்குக் கீழயே காப்பகம் இருக்கு, குழந்தையப் பகல்ல அங்க விடலாம். நானே கூட வந்து பேசறேன். வேலை இல்லன்னாலும் வரேன்."

அக்காக்காரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினாள். "அவங்கதான் வீடு மாறி வந்தாங்க. உனக்கு எங்கடி போச்சு புத்தி? நீங்க தேடற ஆளு நான் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குடி போன?"

அதுவரை வாயே திறக்காத பெண், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "யாரோ ஒருத்தியத் தேடி வீடு வரைக்கும் வந்திருக்காங்க. அது நானா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

குழந்தை பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. அக்காக்காரி அதைக் குழந்தையிடமே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "வீட்டுல ஒருத்தி இருக்காளே, பாத்துப்பான்னு இருந்துட்டேன்" என்றாள். "நீ ஒரு வார்த்தை கேக்கலையேடி." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தலைமையாசிரியை மேஜைமேல் இருந்த பேப்பரை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க, சேத்துக்கறோம்" என்றார்.

சாயங்காலம் என் மருமகள் சரியான கட்டடத்துக்குப் போனாள். நிஜமாக வராமல் இருந்த பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாளாம். "எனக்குப் பதிலா வேற யாரையோ கூட்டிட்டுப் போயிட்டீங்களாமே!" என்று அப்படி ஒரு கோபம். மறுநாள் யாரும் கூப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், தன் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க.

அதே காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் தங்கையும் வந்தார்கள். நான் வாசலில் காய்கறி வண்டியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன், மருமகளும் பக்கத்தில் நின்றாள். அக்கா ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமலே வந்திருக்கிறாள், கண் இரண்டும் சிவந்திருந்தது. தங்கையின் சீருடை தோளில் தொளதொளவென்று நின்றது. அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போனாள்.

அக்காக்காரி என் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே இவ ஒருநாள் வரலைன்னாலும் வீட்டுக்கு வாங்க. கதவத் தட்டுங்க. ஆனா என்னை எழுப்பிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

"கட்டாயம் எழுப்பறேன்க்கா" என்றாள் என் மருமகள். அக்காக்காரி என் பக்கம் திரும்பி, "நேத்தும் கூடவே நின்னீங்களே, நீங்க இவங்க அம்மாவா?" என்று கேட்டாள்.

"மாமியார்" என்றேன். வாசலில் நுழைந்துகொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கும்படி, அவ்வளவு சத்தமாக.