மினிபஸ்ஸில் கைதட்டல்

கரீபியன் கடலில் ஓடும் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் நான் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு அது பெரிய இடம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காலையில் பயணிகள் வெளியே போனதும் அவர்கள் விட்டுப்போனதை அள்ளுவேன். ஈரத் துவாய்கள், தலையணையில் அப்பிய சன்கிரீம், பாதி கடித்து வைத்த கேக், கட்டிலுக்கடியில் இறால் தோல். ஆரம்பத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு எப்படியோ இறங்கியது.

கப்பல் ஒவ்வொரு தீவிலும் ஒரு பகல் நிற்கும். மத்தியானம் எங்களுக்கும் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கும். துறைமுக வாசலில் நிற்கும் டாக்சிக்காரர்களைத் தாண்டி, நகைக்கடைகளைத் தாண்டி, சந்தைக்குப் பின்னால் நடந்தால் உள்ளூர்க்காரர்கள் ஏறும் மினிபஸ்கள் நிற்கும். அவர்கள் கொடுக்கும் அதே காசை நாமும் கொடுத்து ஏறலாம். இறங்க வேண்டிய இடத்தில் சத்தமாகச் சொன்னால் போதும். கடிகாரத்தை மட்டும் கப்பல் நேரத்திலேயே வைத்திருக்க வேண்டும். சில இடங்களில் தீவின் நேரமும் கப்பலின் நேரமும் வேறு வேறு. பிந்தி வந்தால் கப்பல் காத்திருக்காது. பயணியாவது அடுத்த தீவுக்கு விமானம் பிடித்துப் போகலாம். எங்களுக்கு வேலை போய்விடும்.

என் பொறுப்பிலிருந்த அறை ஒன்றில் வயதான வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு என்னை மிகவும் பிடிக்கும். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாக்களை அவள் வெறுத்தாள்.

"மந்தை மாதிரி எங்களை ஓட்டிக்கிட்டுப் போறாங்க. இந்த மக்கள் உண்மையா எப்படி வாழ்றாங்கன்னு நான் பார்க்கணும்" என்றாள்.

நான் சந்தைக்குப் பின்னால் நிற்கும் மினிபஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அவள் குழந்தை மாதிரி கைகளைச் சேர்த்துக்கொண்டாள்.

அந்தத் தீவு முழுவதும் மலை. கரையிலிருந்து பார்க்கும்போதே எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. மினிபஸ் ஏற ஏற வளைவுக்கு மேல் வளைவு. தேயிலைக்குப் பதிலாக வாழை. காய்களுக்கு நீலப் பை மாட்டியிருந்தார்கள். சரிவில் வரிசையாகத் தகர வீடுகள், வாசலில் காயும் துணிகள். எங்கள் ஊர்ப் பக்கம் லிந்துலைக்குப் போகிற மாதிரியே இருந்தது. மலைக்கு அப்பால் கந்தக ஊற்று ஒன்று இருந்தது, அங்கே இறங்கினேன். அழுகிய முட்டை நாற்றம். அங்கே கப்பல் பயணிகள் கறுப்புச் சேற்றை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவும் கணவரும் அவர்களோடு நின்றார்கள். ஊற்றுக்கு வெளியே விற்ற ரம்மை அவர் அடுத்தடுத்துக் குடித்தார். நான் தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கொண்டுபோன பாண் ரொட்டியைத் தின்றேன். அன்று யாருக்கும் பணிவிடை செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

திரும்பும் மினிபஸ்ஸில் அவர்களும் ஏறினார்கள். இன்னும் நாலைந்து கப்பல் பயணிகளும் இருந்தார்கள். மற்றவர்கள் தீவுக்காரர்கள். ஓட்டியவள் பருத்த உடம்புள்ள ஒரு நடுவயதுப் பெண். என் முன் இருக்கையில் ஒரு கிழவி துணிப்பையில் கிழங்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வளைவிலேயே அந்த அம்மாவின் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊர் ஹட்டன் மலைப் பாதைகளில் இது புதிதல்ல. நம் பெண்கள் பஸ் ஏறும்போதே ஒரு பையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொள்வார்கள். வாந்தி வந்தால் பையில் எடுப்பார்கள், முடிச்சுப் போடுவார்கள். என்னிடமும் ஒரு பை இருந்தது. அதை நீட்டினேன். அவர் தட்டிவிட்டார். அடுத்த திருப்பத்தில் வாந்தி எடுத்தார். தரையில், கிழவியின் பையில், என் காலில் இருந்த சப்பாத்தில். ரம்மும் கந்தகச் சேறும் கலந்த அந்த வாடையை இன்னும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை.

ஓட்டுநர் ஓரமாக ஒரு தண்ணீர்க் குழாய் அருகில் நிறுத்தினாள். பின்னால் வந்து பார்த்தாள்.

"எடுத்தவர் துடைக்கணும். துடைக்காம நான் வண்டியை எடுக்க மாட்டேன்" என்றாள்.

அந்த மனிதர் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா சுற்றிலும் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இவர் எங்க அறையைப் பார்த்துக்கிறவர்! எவ்வளவு நல்ல பையன் தெரியுமா?" என்று எல்லாரிடமும் சொன்னாள். பிறகு என் தோளைத் தொட்டாள். "தயவு செய்து... உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே?"

"அம்மா, இது என் ஓய்வு நேரம்" என்றேன்.

"தெரியும், தெரியும். ஆனா கப்பல் போயிடுமே" என்றாள்.

மற்றப் பயணிகளும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் என்னிடம் கேட்டாள். "நீ இவங்க வேலைக்காரனா?"

"கப்பலில்" என்றேன்.

"இது கப்பல் இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆனால் கப்பல் கிளம்பினால் அவர்களைவிட எனக்குத்தான் நட்டம். இறங்கிப் பாதையோர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வந்து தூவினேன். ஒரு அட்டைத் துண்டால் வழித்தேன். குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். மூக்கை மூட ஒரு கையும் மிச்சமில்லை. என் பக்கத்திலேயே கிழவி தன் பையைக் கழுவினாள், கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். அவளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. நான் துடைத்த வாந்தியைப் பார்ப்பது போலவே என்னையும் பார்த்தாள்.

நான் கை கழுவிவிட்டு ஏறியபோது கப்பல் பயணிகள் கைதட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார்கள். அந்த அம்மா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"இந்தப் பயணத்திலேயே மனசைத் தொட்ட விஷயம் இதுதான்" என்று போனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குக் குமட்டியது. வாந்தியை வழிக்கும்போது வராதது அந்தச் சத்தத்துக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு துறைமுகம் வரை உட்கார்ந்திருந்தேன்.

கப்பலில் அந்த அம்மா என்னைப் பற்றி மேலிடத்துக்குப் பாராட்டி எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் எங்கள் கூட்டத்தில் அதை வாசித்தார். அங்கேயும் கைதட்டினார்கள். சட்டையில் குத்த ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். கூட்டம் நடந்த அன்று மாலை அந்த அம்மாவின் அறைக்குப் போனேன். அவள் கணவர் சுகமாகிவிட்டார், கட்டிலில் சாய்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் துவாய்களை மாற்றிவிட்டு வந்தேன். கப்பல் அந்தத் தீவில் அதன் பிறகும் பல தடவை நின்றது. நான் இறங்கவில்லை.

அந்த அம்மா அன்று போனில் எடுத்த வீடியோவை, நடந்ததையெல்லாம் எழுதி, இணையத்தில் போட்டுவிட்டாள். கப்பலில் கூட வேலை செய்த ஒருவன் மூலம் அது சுற்றிச் சுற்றி என் தங்கச்சியின் போனுக்கு வந்திருக்கிறது. அவள் எங்கள் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். அம்மா அன்று தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்த கையோடு என்னை அழைத்தாள்.

"ஏன்டா, அந்த ஆளுக்குக் கையி இல்லியா?"

"வயசானவரும்மா."

"வாந்தியெடுத்தா வாயத் தொடைக்கத் தெரியுதுல்ல? பக்கத்துல பொண்டாட்டிதான ஒக்காந்திருந்தா? அவளுக்கும் இல்லியா?"

"என் வேலைதானம்மா."

"அது ஒன் வேலையா? சம்பளத்துக்கு நீ செய்யிறத நாங் கேக்கலடா. தட்டுறாங்களே கையி, அத எதுக்கு நின்னு வாங்கிக்கிட்ட?"

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார்கள், போகவில்லை. இப்போது ஹட்டனில் ஒரு முதலாளியின் இரும்புக் கடையில் வேலைக்கு நிற்கிறேன். போன வாரம் லயத்துப் பெரியப்பா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார். அதே வீடியோ.

"இது நீதானப்பா? என்னா மரியாத பாத்தியா, வெள்ளக்காரங்களே தட்டுறாங்க! எம் மகனையும் அதுல சேத்துவிட முடியுமா?"

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரம், சேறு, சப்பாத்து, கிழவியின் கிழங்கு, அந்த வாடை எதையும் விடவில்லை. தேத்தண்ணியைக் குடித்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"நாத்தந்தான தம்பி" என்றார் கடைசியில். "சவுக்காரம் போட்டா போயிரும். யாருகிட்ட போயி வேலைக்கு எழுதிக் குடுக்கணும்னு மட்டும் சொல்லு."